தர்மப் பிரபுக்களும் சித்திரக் காட்சிசாலைகளும்

ஒரு பணக்காரர் பள்ளிக்கூடத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, ஒரு காட்சிசாலைக்கோ பணம் கொடுத்தார் என்றால், உடனே அவரை மகான் என்றும் வள்ளல் என்றும் புகழ்ந்து, மாலை போட்டு, அவர் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அத்தோடு நம்முடைய வேலை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவர் கொடுத்த பணம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது, கொடுத்த பிறகு அந்த ஸ்தாபனத்தில் அவருக்கு என்ன அதிகாரம் வந்து சேர்ந்தது என்பனவற்றை யாரும் கேட்பதில்லை. கேட்டால், "தானும் கொடான், கொடுக்கிறவனையும் கெடுப்பான்" என்று நம் மீதே பாய்வார்கள். கொடுக்கிறவர் தாராளமாய்க் கொடுக்கட்டும். அதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் கொடுத்தவர் இடுப்பிலேயே சாவிக்கொத்தும் தொங்குமானால் அது எப்படிக் கொடுத்ததாகும் என்பதுதான் நாம் கேட்பது.

"அரிசி விலையும் வீட்டு வாடகையும் தலைக்கு மேல் இருக்கிறபோது, சித்திரக் காட்சிசாலையைப் பற்றி உமக்கு என்ன கவலை?" என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். ஒரு காலத்தில் சென்னைக்குப் போய் வந்த கிராமத்தார்கள் எழும்பூர் மியூசியத்தைச் "செத்த காலேஜ்" என்றும், மிருகக் காட்சிசாலையை "உயிர் காலேஜ்" என்றும் சொல்லுவதுண்டு. படித்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் காலேஜ் என்று சொன்னதில் விஷயமில்லாமல் இல்லை. எழுத்து வாசனை அறியாதவன்கூட அங்கே போய் நின்று, எது பழமை, எது அருமை, எது அழகு என்பதைக் கண்ணாலேயே படித்துக் கொண்டு திரும்புகிறான். ஆகவே அங்கே எதை விலை கொடுத்து வாங்குவது, எதை நடுக்கூடத்தில் வைப்பது, எதை நிலவறையில் போட்டுப் பூட்டுவது என்று முடிவு செய்கிறவன் பாடப்புத்தகம் எழுதுகிறவனுக்குச் சமானமானவன். பாடப்புத்தகத்தை ஒரு தனி மனிதன் தன் இஷ்டம்போல் எழுதிக் கொள்ளட்டும் என்று எந்த ஊராராவது விட்டுவிடுவார்களா? அதுவுமன்றி, நாம் சொல்லப் போகிற சங்கதி அமெரிக்காவில் நடந்ததானாலும், அதன் ஒரு நுனி கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வயலில் கிடக்கிறது.

நார்ட்டன் சைமன் என்று ஒரு கனவான். 1907இல் பிறந்து 1993இல் இறந்தவர். கலிபோர்னியாவில் நொடித்துப் போன ஒரு சிறு பழரசக் கம்பெனியை இளவயதில் வாங்கி, பிறகு தக்காளி டப்பா வியாபாரத்தில் ஓங்கி, ஹண்ட் கம்பெனியின் மூலம் பெரும் பணக்காரரானவர். மற்றக் கம்பெனிகளின் பங்குகளைச் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்த்து, ஒரு நாள் காலையில் அவற்றின் நிர்வாக சபையில் போய் உட்கார்ந்து கொள்ளுவதில் பெயர் பெற்றவர். இந்த வித்தையை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். 1954 வாக்கில் அவருக்குச் சித்திரம் வாங்கும் ஆசை பிறந்தது. பத்து வருஷத்திற்குள், 1964இல், டுவீன் என்ற பேர்போன சித்திர வியாபாரக் கடையையே சரக்கோடும் கட்டடத்தோடும் சேர்த்து வாங்கினார். 1965இல் லண்டனில் கிறிஸ்டி ஏலக்கடையில் ரெம்பிராண்ட் தன் மகன் டைட்டஸை எழுதிய படம் ஏலத்திற்கு வந்தது. தாம் உட்கார்ந்தால் ஒரு பொருள், எழுந்து நின்றால் வேறு பொருள் என்று ஏலக்காரரிடம் முன்கூட்டியே ஒரு குழப்பமான ஏற்பாடு செய்து வைத்திருந்தார் இவர். ஏலம் வேறொருவர் பேரில் முடிந்துவிட்டது. உடனே எழுந்து, தாம் கொடுத்திருந்த கடிதத்தைச் சபையில் படிக்கச் செய்து, முடிந்த ஏலத்தை மறுபடி திறக்க வைத்து, 22 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துப் படத்தைக் கொண்டு போனார். முடிந்ததையும் முடியாததாக்கும் சக்தி பணத்திற்கு உண்டென்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இது அவருடைய சொந்தப் பணம், அவர் வாங்கினார், நமக்கென்ன என்று சொல்லலாம். அங்கேதான் அமெரிக்காவின் வரிச் சட்டம் குறுக்கே வருகிறது. அந்தத் தேசத்தில் தர்மத்திற்குக் கொடுத்த தொகையை வருமானத்திலிருந்து கழித்துக் கொண்டு மீதிக்கு வரி கட்டினால் போதும் என்ற சட்டம் 1917 முதல் இருந்து வருகிறது. பணமாகத்தான் கொடுக்க வேண்டுமென்பதில்லை, சித்திரமாகவும் கொடுக்கலாம். ஒருவன் ஆயிரத்துக்கு வாங்கிய படம் பத்து வருஷத்தில் பத்தாயிரம் விலை போகும் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதைக் காட்சிசாலைக்குக் கொடுத்தால், சட்டம் வைத்த வரம்புகளுக்கு உட்பட்டு, பத்தாயிரத்தையும் கழித்துக் கொள்ளலாம். நடுவில் ஏறிய ஒன்பதாயிரத்துக்கும் வரி இல்லை. 1965 முதல் 1981 வரையில் அந்த நாட்டில் வருமான வரியின் உச்ச விகிதம் நூற்றுக்கு 70. அந்த உச்சத்தில் இருந்த பணக்காரர் நூறு டாலர் தர்மம் செய்தால், அதில் 70 டாலர் சர்க்காருக்குப் போயிருக்க வேண்டிய பணம். அதாவது ரோடு போடவும் பள்ளிக்கூடம் நடத்தவும் போயிருக்க வேண்டிய ஊரார் பணம். வள்ளலுக்குக் கைநஷ்டம் 30தான். சரி, பொதுப் பணம் முக்கால்வாசி இருக்கிறதே, எதை வாங்குவதென்பதில் பொது ஜனங்களுக்கு முக்கால்வாசிப் பேச்சாவது உண்டா என்றால், கால்வாசிகூட இல்லை. கல்வெட்டில் பெயரும் அவருடையது, முடிவும் அவருடையது.

அறக்கட்டளை என்பது இதற்கு அடுத்த படி. சைமன் தம் பேரால் அறக்கட்டளைகளை ஏற்படுத்தினார். சித்திரங்களையும் சிலைகளையும் வாங்கியது அனேகமாய் அவற்றின் பேரில்தான். சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரு பொது தர்மம். ஆனால் எதை வாங்குவது, எப்போது விற்பது என்று சொல்லும் வாய் ஒன்றே ஒன்றுதான். வாங்குவதில் எவ்வளவு கைதேர்ந்தவரோ விற்பதிலும் அவ்வளவு கைதேர்ந்தவர் அவர்.

இனி, இப்படிப்பட்ட ஒரு மனிதர் ஊரில் இருந்தால் காட்சிசாலைகளின் நிலைமை என்னவாகும்? பிள்ளையில்லாத பணக்காரப் பெரியப்பா ஒருவர் இருக்கிற குடும்பத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் ஒரு பைசாவும் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் உயில் யார் பேருக்கு எழுதுவாரோ என்று தம்பி மக்கள் அத்தனை பேரும் அவர் இருமினால் தண்ணீர்ச் செம்போடு ஓடுவார்கள். பெரிய சேகரம் வைத்திருக்கும் பிரபுவைச் சுற்றிக் காட்சிசாலைக்காரர்கள் நிற்பதும் இப்படியேதான். லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்டக் கலைக் காட்சிசாலை 1965இல் புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. அந்த மாவட்டத்து மக்கள் வரிப் பணத்தால் நடப்பது அது. அதன் டிரஸ்டிகளில் ஒருவராக இருந்தார் சைமன். அவர் சேகரம் என்றைக்காவது தங்களுக்கே வந்துவிடும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். வரவில்லை, அவர் விலகிக் கொண்டார். பிறகு பல ஊர்க் காட்சிசாலைகளுக்குத் தம் சித்திரங்களை இரவல் கொடுத்து வந்தார். இரவல் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அந்தப் பெரியப்பா ஆசைதான். இரவலாய் வைத்துக் காட்டுவதில் உடையவனுக்கு என்ன லாபம் என்று கேட்காதீர்கள். ஒரு பெரிய காட்சிசாலையின் சுவரில் தொங்கி இறங்கிய படம் சந்தைக்குப் போனால் அதன் மதிப்பே வேறு. மகாமகக் குளத்தில் முழுகி எழுந்தவனுக்கு ஊரில் கிடைக்கிற மரியாதை மாதிரி.

பிறகு வந்தது பாசடினா. லாஸ் ஏஞ்சலீஸுக்கு அடுத்த ஊர். அங்கே இருந்த சிறிய கலைக் காட்சிசாலை பணத்தில் சிறியதே தவிர புத்தியில் சிறியதல்ல. பெரிய காட்சிசாலைகள் தொடப் பயந்த புதுக் கலையை அது தைரியமாய்க் காட்டி வந்தது. மார்சேல் டூஷாம் என்ற பிரெஞ்சுக் கலைஞரின் வாழ்நாள் வேலை முழுவதையும் சேர்த்து முதன் முதலாகக் காட்சிக்கு வைத்தது 1963இல் இந்தப் பாசடினாதான். பாரிஸுமல்ல, நியூயார்க்குமல்ல. கால்கா ஷேயர் என்ற அம்மையார் சேர்த்து வைத்திருந்த கிளே, கண்டின்ஸ்கி முதலியவர்களின் நூற்றுக்கணக்கான சித்திரங்களும் 1953இல் இதன் வசம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. ஆனால் 1969இல் சக்திக்கு மீறிப் புதுக் கட்டடம் ஒன்று கட்டிக் கடனில் விழுந்தார்கள். கடன்காரன் கதவைத் தட்டுகிற நேரத்தில், 1974இல், சைமன் வந்தார். கடனை நான் ஏற்றுக் கொள்ளுகிறேன் என்றார். அதற்குப் பதிலாக நிர்வாக சபையில் தமக்கே பலம் இருக்க வேண்டும், காட்சி அறைகளில் பெரும் பகுதி தம் சேகரத்துக்கே வேண்டும் என்றார். கம்பெனிகளைப் பிடிக்கும் வித்தையை ஞாபகத்தில் வைக்கச் சொன்னோம் அல்லவா? 1975இல் பலகையே மாறிவிட்டது. "நார்ட்டன் சைமன் காட்சிசாலை" என்று இன்றைக்கும் பெயர். புதுக் கலைக்கு வீடாக இருந்த இடத்தில் ஐரோப்பாவின் பழைய மேதைகளும் ஆசியாவின் விக்கிரகங்களும் குடியேறின. பழைய சேகரத்தில் பெரும்பாலானவை உள்ளே போயின. அவற்றில் சிலவற்றை விற்க ஏற்பாடாகிற காலத்தில் பழைய டிரஸ்டிகள் மூவர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1981இல் தீர்ப்பு சைமன் பக்கமே ஆயிற்று. அவர் நோயில் விழுந்த பின் தலைமை நாற்காலி அவர் மனைவிக்குப் போயிற்று. பரம்பரை தர்மகர்த்தா என்கிற பதவி நம் நாட்டில் மாத்திரம் இருக்கிற அதிசயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நாம் ஒருதலையாகச் சொல்லக் கூடாது. சைமன் ஞான சூனியமல்ல. அவர் வாங்கியவற்றில் உயர்ந்த சரக்கு ஏராளம். தாமே படித்து, நிபுணர்களைக் கேட்டு, தம் கண்ணாலே பார்த்து வாங்கியவர். அவர் கை வைத்திராவிட்டால் பாசடினா கதவு ஒருக்கால் மூடப்பட்டிருக்கும் என்பதும் வாஸ்தவமே. நாம் சொல்லுவது அவர் ருசி கெட்டது என்பதல்ல. ருசி எவ்வளவு உயர்ந்ததானாலும், "வேண்டாம்" என்று சொல்ல ஓர் ஆள் மேஜையைச் சுற்றி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதே. என்ன நடந்தது என்பதைப் பாருங்கள்.

தஞ்சைச் சீமையில் கும்பகோணத்துக்கு அருகில் சிவபுரம் என்று ஒரு கிராமம். 1951இல் அங்கே வயலில் மண் வெட்டும்போது சில ஐம்பொன் சிலைகள் அகப்பட்டன. அதில் ஒன்று நடராஜர், 10ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து வேலை. அவை ஊர்க் கோவில் வசம் ஒப்புவிக்கப்பட்டன. 1954 வாக்கில் சிலைகளைப் பழுது பார்க்க வேண்டுமென்று கும்பகோணத்து ஸ்தபதி ஒருவரிடம் அனுப்பினார்கள். போனது ஒன்று, திரும்பி வந்தது ஒன்று. அச்சு அசலாக வார்த்த போலி கோவிலுக்கு வந்தது. அசல் கைமாறிப் பம்பாய்க்குப் போய், அங்கே ஒரு சேகரக்காரர் வீட்டில் இருந்து, 1969இல் நியூயார்க் வியாபாரி பென் ஹெல்லரிடம் போய்ச் சேர்ந்தது. அவரிடமிருந்து சைமன் அறக்கட்டளை 9 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. 1971இல் நடிகை ஜெனிபர் ஜோன்ஸை மணந்து இந்தியாவுக்கு வந்து போனது முதல் அவருக்கு நம் நாட்டுச் சிலைகள் மேல் மோகம்.

நடுவில் ஒரு வார்த்தை. இத்தனை வருஷமும் கோவிலில் கும்பிட்டவர்கள் கும்பிட்டது போலியைத்தான். மாற்றம் பக்தருக்கும் தெரியவில்லை, பூசாரிக்கும் தெரியவில்லை. சர்வமும் அறிந்தவர் என்று சொல்லப்படுகிறவரும் தம்மை மூட்டை கட்டிக் கப்பலேற்றியதைப் பற்றி யார் கனவிலும் வந்து சொன்னதாகத் தகவல் இல்லை. கண்டுபிடித்துச் சொன்னவர் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் என்கிற ஒரு வெள்ளைக்கார ஆராய்ச்சிக்காரர். சோழர் காலத்து ஐம்பொன் சிலைகளைப் பற்றி அவர் 1965இல் அச்சிட்ட புத்தகத்தில், சிவபுரத்தில் இருப்பது அசலல்ல, அசல் பம்பாயில் இருக்கிறது என்று எழுதிவிட்டார். கும்பிட்ட கைகளால் ஆகாத காரியம், பூதக்கண்ணாடி பிடித்த ஒரு கையால் ஆயிற்று. இது நிற்க.

அந்தப் புத்தகம் வெளிவந்த வருஷத்தைக் கவனியுங்கள். சைமன் சிலையை வாங்குவதற்கு ஏழெட்டு வருஷத்திற்கு முன்பே அது அச்சாகிவிட்டது. அதுவும் எங்கோ மூலையில் ஒரு துண்டுப் பிரசுரமல்ல. சோழர் சிலையை வாங்க நினைக்கிற எவனும் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டிய புத்தகம் அது. இதற்கு மேல், பழம்பொருள்களைச் சர்க்கார் அனுமதி இல்லாமல் இந்தியாவை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாதென்று 1947ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது. களவாடிய கலைப் பொருள்களின் வியாபாரத்தைத் தடுக்க வேண்டுமென்று யுனெஸ்கோவில் 1970இல் உடன்படிக்கையும் ஆகியிருந்தது. அமெரிக்கா அதைத் தன் சட்டத்தில் ஏற்றிக் கொண்டது 1983இல்தான் என்பது வேறு விஷயம். ஒரு நேர்மையான கொள்முதல் கமிட்டி இருந்து, அதில் சம்பளத்துக்கோ தயவுக்கோ பயப்படாத ஒரே ஒரு மனிதன் இருந்து, "ஐயா, இது எந்த ஊர்ச் சிலை, வெளியே வர அனுமதிச் சீட்டு எங்கே?" என்று கேட்டிருந்தால், 9 லட்சம் டாலருக்கு அன்றே முற்றுப்புள்ளி விழுந்திருக்கும். கேட்க ஆள் எங்கே? வாங்குகிறவரும் அவரே, வாங்கலாமா என்று யோசிக்கிற சபையும் அவரே, பிற்பாடு அதைக் காட்டப் போகிற கட்டடமும் அவருடையதே.

1973இல் நியூயார்க் பத்திரிகை ஒன்று கேட்டபோது, ஆமாம் அது கடத்தி வந்த சரக்குத்தான், இரண்டு வருஷத்தில் ஆசியக் கலைப் பொருளுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் செலவிட்டேன், அதில் பெரும்பாலானவை அப்படி வந்தவையே என்ற கருத்துப்பட அவர் சொன்னதாக அச்சில் வந்தது. பின்னால் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தார். மறுத்ததையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். நியூயார்க் மெட்ரோபாலிடன் காட்சிசாலை அவருடைய ஆசியச் சேகரத்தைக் காட்சிக்கு வைக்க இருந்தது. இந்திய சர்க்கார் ஆட்சேபிக்கவே அது கைவிடப்பட்டது. வழக்குகள் நடந்தன. 1976இல் ராஜியாயிற்று. சிலை இந்தியாவுடையதுதான், ஆனால் பத்து வருஷம் சைமனிடமே இருக்கலாம் என்பது ராஜி. அவருடைய சேகரத்தில் உள்ள மற்ற இந்தியப் பொருள்களின் மீதும், அடுத்த ஒரு வருஷத்தில் அவர் இந்தியாவுக்கு வெளியே வாங்கப் போகிறவற்றின் மீதும் வழக்குத் தொடுப்பதில்லை என்றும் நம் சர்க்கார் ஒப்புக் கொண்டது. வீட்டில் புகுந்த பொருளைப் பத்து வருஷம் வைத்திருந்து கொடு, அதுவரை கடைத்தெருவில் வேறு வாங்கினாலும் கேட்கமாட்டேன் என்று எந்த ஏழைக் குற்றவாளியிடமாவது எந்தப் போலீஸாவது ராஜி பேசியிருக்கிறதா? 1986இல் சிலை திரும்பியது. திரும்பியும் சிவபுரத்துக்குப் போகவில்லை. மறுபடி களவு போகாமலிருக்கப் பூட்டுக்குள் வைத்தார்கள்.

"தனி மனிதன்தான் இப்படி, சர்க்கார் காட்சிசாலை என்றால் யோக்கியமாக இருக்குமோ?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆஸ்திரேலியாவில் கான்பெர்ரா தேசியக் கலைக் காட்சிசாலை சர்க்காருடையது. அது 2008இல் சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வியாபாரியிடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து ஒரு நடராஜர் சிலையை வாங்கியது. அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் கோவிலில் களவு போனது அது. ஆக, பொது ஸ்தாபனமும் ஏமாறும், சில சமயம் ஏமாறுவதில் பிரியமாகவும் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில்தான் வித்தியாசம். அந்தப் பணம் ஜனங்களுடைய பணமானபடியால் பத்திரிகைகள் கேட்டன, பார்லிமெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று, மந்திரி வாய் திறக்க வேண்டியதாயிற்று. கடைசியில் 2014இல் அந்நாட்டுப் பிரதம மந்திரியே சிலையைக் கொண்டு வந்து டில்லியில் கொடுத்துவிட்டுப் போனார். வியாபாரிக்குக் கும்பகோணம் கோர்ட்டில் 2022இல் பத்து வருஷத் தண்டனை கிடைத்தது. அங்கே வாங்கியதிலிருந்து திருப்பியது வரை ஆறு வருஷம். சைமனிடமிருந்து வர, வாங்கின குட்டு வெளியான பிறகும் 13 வருஷம். தப்பு இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆனால் ஒரு இடத்தில் கேட்கிறவனுக்கு உரிமை இருந்தது, மற்ற இடத்தில் கெஞ்சத்தான் முடிந்தது.

லாஸ் ஏஞ்சலீஸ்காரர்கள் சைமனிடம் பட்டதைக் கொண்டு பாடம் படித்தார்களா என்றால், அதுவும் இல்லை. எலை பிராட் என்று இன்னொரு கோடீஸ்வரர் வந்தார். வீடு கட்டி விற்றும் இன்ஷூரன்ஸிலும் பணம் சேர்த்தவர். அதே மாவட்டக் காட்சிசாலைக்கு 6 கோடி டாலர் கொடுப்பதாகச் சொல்லி, அதில் 5 கோடிக்கு அவர் பேரிலேயே தற்காலக் கலைக்கென ஒரு கட்டடமும், 1 கோடிக்குக் கலைப் பொருள் வாங்குவதும் என்று ஏற்பாடாயிற்று. அந்த ஒரு கோடி ரிச்சர்டு செர்ரா என்ற சிற்பி செய்த பிரம்மாண்டமான ஒரு இரும்பு வேலைக்குப் போயிற்று. கட்டடம் 2008 பிப்ரவரியில் திறப்பதற்கு இருந்தது. சேகரத்தையும் கொடுத்துவிடுவார் என்று எல்லோரும் வாயைப் பிளந்து கொண்டிருக்க, ஒரு மாதத்துக்கு முன்னால், சேகரம் என் அறக்கட்டளையிலேயே இருக்கும், இரவல்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். ஆக, ஊராருடைய நிலத்தில் அவர் பேரில் கட்டடம், உள்ளே அவர் இரவல். கடைசியில் 2015இல் அதே நகரத்தில் தம் பேரில் தனிக் காட்சிசாலையே திறந்தார். அதற்கு நுழைவுக் கட்டணமில்லை என்பதற்காக நாம் அவரைப் பாராட்டத் தயார்தான். சைமனுக்கும் இவருக்கும் இடையில் முப்பது வருஷத்திற்கு மேல். தம்பி மக்கள் மாறினார்களே ஒழிய தண்ணீர்ச் செம்பு மாறவில்லை.

பணக்காரர் இல்லாவிட்டால் காட்சிசாலையே இல்லையே என்று பண்டிதர்கள் பயமுறுத்துவார்கள். நம் கோவில் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். நாலு அடிக் குழல் விளக்கில் மூன்றரை அடிக்கு உபயதாரர் பெயர் எழுதி, வெளிச்சம் வர அரை அடி விட்டிருப்பார்கள். கொடுத்தவனுக்குப் பெயர் வேண்டும் என்றால் அதையாவது பொறுத்துக் கொள்ளலாம். ஆனால் விளக்கை எங்கே மாட்டுவது, யார் பக்கம் வெளிச்சம் விழுவது, எப்போது அணைப்பது என்பதும் என் இஷ்டம் என்றால்? 1920களில் பனகால் அரசர் மந்திரி சபை தேவஸ்தானச் சொத்துகளுக்குக் கணக்குக் கேட்கச் சட்டம் கொண்டு வந்தபோது, "எங்கள் முன்னோர் கொடுத்தது, நீ யார் கேட்க?" என்றுதான் கூச்சல் போட்டார்கள். கொடுத்தாயிற்று என்றால் அது கொடுத்தவனுடையதல்ல என்கிற சாதாரண அறிவுக்கு அன்றைக்கு அவ்வளவு எதிர்ப்பு. அமெரிக்க வள்ளல்கள் சொல்லுவதும் அதே பாட்டு, இங்கிலீஷில்.

நாம் கோருவது அதிகமில்லை. பணம் கொடுக்கிறவர் கொள்முதல் கமிட்டியில் உட்காரக் கூடாது. எந்தக் கலைஞனுடைய வேலையைத் தம் வீட்டில் குவித்து வைத்திருக்கிறாரோ அவனுடைய வேலையையே காட்சிசாலையும் வாங்கும்போதாவது அறையை விட்டு எழுந்து போக வேண்டும். காட்சிசாலை வாங்கினால் அவர் வீட்டுச் சரக்குக்கும் விலை ஏறும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இரவல் என்றால் எத்தனை வருஷம், முடிவில் யாருக்கு என்று முன்னாலேயே எழுத்து மூலம் வாங்கிக் கொள்ள வேண்டும். வாங்கும் பொருள் எந்த மண்ணிலிருந்து, யார் யார் கைமாறி, எந்த அனுமதியோடு வந்தது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் பத்திரிகையில் போட வேண்டும். பணம் கொடுத்த பிறகு போடுவது கல்யாணம் முடிந்த பிறகு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது மாதிரி. அமெரிக்கக் காட்சிசாலைத் தலைவர்களின் சங்கமே 2008இல்தான், 1970க்கு முன்பே தாய்நாட்டை விட்டு வெளியேறியதற்கு அல்லது பிற்பாடு முறையான அனுமதியோடு வெளியேறியதற்குச் சான்று இல்லாத பழம்பொருளை வாங்காமலிருப்பது வழக்கமாக வேண்டுமென்று விதி எழுதிக் கொண்டது. சிவபுரத்துச் சிலை திரும்பி 22 வருஷம் கழித்து! அதுவும் விதிதானே ஒழியச் சட்டமல்ல. சொந்த அறக்கட்டளை வைத்துக் கொண்டு வாங்குகிற பிரபுவின் வாசற்படியை அது தாண்டவும் தாண்டாது.

நம் நாட்டிலும் பணக்காரர்கள் பேரில் தனிக் காட்சிசாலைகள் வரத் தொடங்கிவிட்டன. இன்னும் வரும். வரட்டும். தோழர்கள் அடுத்த முறை குழந்தைகளை அழைத்துக் கொண்டு எந்தக் காட்சிசாலைக்குப் போனாலும், சிலையின் முகத்தைப் பார்த்த பிறகு அதன் காலடியில் ஒட்டியிருக்கிற சீட்டையும் படித்துப் பாருங்கள். எந்த ஊர், எந்த வருஷம் வந்தது, வாங்கியதா, கொடுத்ததா, கொடுத்தவர் யார் என்று அதில் இருக்கிறதா, அல்லது "தென்னிந்தியா, 10ஆம் நூற்றாண்டு" என்பதோடு நிற்கிறதா என்று கவனித்து, காவல்காரரைக் கேட்காமல் காரியஸ்தரைக் கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை நமக்கும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள், பெயரில்லாமலே பிரசுரிப்போம்.